மைமூன் அக்காவின் பாட்டுப் பெட்டிகள்

செய்தி வந்தபோது பள்ளியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ரியாஸிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டே வரி. "டீச்சர், அம்மா காலைல மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." ரியாஸ் அனுப்பும் எந்தச் செய்தியிலும் நாலைந்து எழுத்துப் பிழையாவது இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. அம்மாவைப் பற்றிய செய்தி என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்திருக்கிறான் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு என்னால் ஒரு தாளும் திருத்த முடியவில்லை.

சேலையூரிலிருந்து ஆட்டோ பிடித்துக் குரோம்பேட்டைக்குப் போனேன். வேலை நாளில் மைமூன் அக்காவின் கடை ஷட்டர் இறங்கியிருந்து நான் பார்த்ததில்லை. வெளியே நின்ற லோடுமேன் பாபு என்னைப் பார்த்ததும், "அக்கா பூட்சும்மா" என்றார். வீட்டுக்குப் போகும் பக்கத்துச் சந்துப் பக்கம் கை காட்டினார்.

மைமூன் அக்காவை, இந்தப் பகுதியில் இருக்கும் உங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையில் டைல்ஸ் கடை வைத்திருந்தவராகத் தெரியும். அஸ்தினாபுரம், சிட்லப்பாக்கம் பக்கம் எத்தனையோ வீடுகளின் குளியலறைகள் அவர் தேர்ந்து கொடுத்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கடைக்குள் வந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்ட பத்துப் பேருக்கு அவர் வேறொரு ஆள். இந்த இரண்டு அக்காவையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் அங்கே போனது குழாய் வாங்கத்தான். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். என் கணவர் கல்லாவில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து ஒரு பழைய சினிமாப் பாட்டு வந்தது. சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டு. ஆனால் என்னவோ போல இருந்தது. "இது கொஞ்சம் மெதுவா ஓடற மாதிரி இல்ல?" என்று கணவரிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. கல்லாவில் இருந்த அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துப்பட்டா, மூக்குக் கண்ணாடி, கையில் கால்குலேட்டர்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

தப்பாக எடுத்துக்கொண்டாரோ என்று பயந்து, "பாட்டு கொஞ்சம் மெதுவா இருக்குன்னு…" என்று இழுத்தேன்.

கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "உள்ள வாங்க."

ஷோரூமுக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு பக்கச் சுவரில் ஃப்ளஷ் டாங்குகள் அட்டைப் பெட்டிகளோடு அடுக்கியிருந்தன. எதிர்ப்பக்கச் சுவர் முழுக்க வேறு விதப் பெட்டிகள். துணி ஒட்டியவை, தோல் போலத் தோன்றுபவை, பொன்னெழுத்து பொறித்தவை. பழைய பாடல்களை ஒலிநாடாக்களிலிருந்து மறுபடியும் சுத்தம் செய்து, எட்டு, பத்து, இருபது வட்டுகளாக்கி, படமும் குறிப்பும் போட்ட ஒரு புத்தகத்தோடு விற்கிறார்களே, அந்தத் தொகுப்புகள். சில பெட்டிகளில் சி.டி.கள், சிலவற்றில் பெரிய கறுப்பு இசைத்தட்டுகள். தமிழ், இந்தி, ஒன்றிரண்டு ஆங்கிலம்.

"நாம இத்தன வருஷமா கேட்டதுதான் வேகம்" என்றார். "அந்தக் காலத்து ரெக்கார்ட கொஞ்சம் வேகமா சுத்தவிட்டுட்டாங்க. அதுவே பழகிப்போச்சு. இந்தப் பெட்டியில சரியான வேகத்துல போட்டிருக்காங்க. எனக்கு அப்படித்தான் தோணுச்சு. ஆனா கூட உக்காந்து ஆமான்னு சொல்ல இன்னொரு காது கெடைக்கல."

பாட்டை முதலிலிருந்து போட்டார். இரண்டு பேரும் நின்றபடியே கேட்டோம். வெளியே என் கணவர் கையில் ஒரு குழாயோடு அரைமணி நேரம் நின்றிருக்கிறார். அன்று அக்கா என்னிடம் தேடியது உண்மையிலேயே ஒரு காதைத்தான் என்பது எனக்குப் புரிய சில வருடங்கள் ஆயின.

அக்காவின் கணவர் இறந்தபோது ரியாஸ் பள்ளிக்கூடப் பையன். கடையை மூடிவிடச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "மூடிட்டு நான் என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு மட்டும் அதற்கு முன்பிருந்தே அவரோடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சபை எப்படித் தொடங்கியது என்று சரியாக நினைவில்லை. முதலில் நான். பிறகு தாம்பரம் ரயில்வே குடியிருப்பிலிருந்து டேனியல் சார் வந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாஷ்பேசின் மாற்ற வந்து பாட்டுக்குள் மாட்டிக்கொண்டவர். பிறகு அவர்கள் அழைத்து வந்தவர்கள், இவர்கள் அழைத்து வந்தவர்கள். காலை பத்து மணிக்கு அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஷோரூமிலேயே ஸ்பீக்கரை வைப்பார். நான்கு பக்கமும் டைல்ஸ் என்பதால் எல்லாம் எதிரொலிக்கும். அதற்காகக் குளியலறை மிதியடிகளையும் பழைய ரஜாய்ப் போர்வைகளையும் சுவரெங்கும் தொங்கவிட்டிருப்பார். நாற்காலி போதாதபோது, காட்சிக்கு வைத்திருக்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டுகளின் மூடியை இறக்கிவிட்டு உட்கார வேண்டியதுதான். டேனியல் சாருக்கு ஒரு தந்த நிறப் பீடம் நிரந்தரம். அதை ஒருவர் விலைக்குக் கேட்டபோது, "அது ரிசர்வ்ட்" என்று அக்கா விற்க மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சரக்கு இறக்க வரும் பாபு முதல் நாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொன்னாராம்: "இன்னா கூத்துடா இது? அல்லாரும் கக்கூஸ் மேல குந்திகினு பாட்டு கேட்டுகினு கீறாங்க." இதை அக்காவே நடித்துக் காட்டிச் சிரிப்பார். நாலாவது வாரம் பாபுவும் ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

கடைக்குப் பின்னாலேயே மின்சார ரயில் தண்டவாளம். ரயில் வரும் சத்தம் கேட்டால் அக்கா பாட்டை நிறுத்திவிடுவார். ரயில் கடந்ததும், விட்ட இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து மறுபடி போடுவார். "பாடினவங்க வீட்டுக்கு வந்திருக்காங்க. நடுவுல யாராவது கத்துனா, மறுபடி சொல்லுங்கன்னு கேக்க மாட்டோமா?" என்பார்.

வெள்ளிக்கிழமைகளில் கடை திறப்பதற்கு முன் பல்லாவரம் சந்தைக்குப் போவது அவர் பழக்கம். பழைய மிக்ஸியிலிருந்து பழைய கட்டில் வரை எல்லாம் தரையில் பரப்பியிருக்கும் சந்தை. விடுமுறையில் ஒருநாள் நானும் போனேன். ஒரு கடைக்காரர் அழகான நீலப் பெட்டி ஒன்றை நீட்டினார். திறந்தால் உள்ளே புத்தகம் மட்டும் இருக்கிறது, ஒரு வட்டுகூட இல்லை. அக்கா அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அக்கா, உள்ள ஒண்ணுமே இல்லியே!"

"பொண்ணு கெடைச்சாச்சு டீச்சர். மாப்ள ஏற்கெனவே நம்ம வீட்லதான் இருக்கான்."

எத்தனையோ வருடங்களுக்கு முன் யாரோ பெட்டியைத் தொலைத்துவிட்டு, வட்டுகளை மட்டும் நூல் கட்டி விற்றிருக்கிறார்கள். அவை அவரிடம் ஒரு பிஸ்கட் டின்னில் காத்திருந்தன. அன்று மத்தியானம் ஒவ்வொரு வட்டையும் அதனதன் இடத்தில் வைத்து மூடினார். எங்கள் எல்லோருக்கும் பாயசம் வந்தது. கல்யாணச் சாப்பாடாம்.

வெள்ளம் வந்த அந்த டிசம்பரில், கடையில் இடம் போதாமல் பாதிப் பெட்டிகள் அனகாபுத்தூரில் அவர் தங்கை வீட்டில் இருந்தன. ஆற்றோரத் தெரு. தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது பெட்டிகள் ரொட்டி போல ஊறிக் கிடந்தன. தங்கை அழுதாராம். அக்கா ஈரப் புத்தகங்களை வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் டிஷ்யூ தாள் வைத்து, ஃபேனைப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் ஒன்றைப் பாரமாக வைத்தார். நான் போனபோது ஷோரூம் தரையெங்கும் டைல்ஸ், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு புத்தகம். நிறையப் போய்விட்டது. பிழைத்த புத்தகங்களின் பக்கங்கள் அலை அலையாக நெளிந்துவிட்டன. அவற்றைத் தடவியபடி, "இதுங்களும் ஊர் பாத்துட்டு வந்திருக்கு" என்றார்.

இனி நான் சொல்லப்போவது சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று நேரில் இருந்தவர்கள் சிலர்தான்.

அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோடை. கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் விரலால் தாளம் போட்டபடி அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பல்லவி முடிந்து இசை தொடங்கும் இடத்தில் கரண்ட் போய்விட்டது. ஸ்பீக்கர் நின்றது. "சே" என்றார் டேனியல் சார். நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் விரல் நிற்கவில்லை. தாளம் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பாட்டில் வயலின்கள் முடிந்து ஒரு புல்லாங்குழல் தனியாக வரும். எங்களுக்கு அந்த இடம் தெரியும். வயலின்கள் முடியும் நேரம் கழிந்ததும், ஒரு சத்தமும் இல்லாத அந்த அறையில், அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது. குழல் வந்துவிட்டது, அவருக்கு.

சரணத்தின் பாதியில், காற்று நின்றது உறைத்ததால் இருக்க வேண்டும், துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தபடி கண்ணைத் திறந்தார். மேலே ஃபேனைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"கரண்ட் போயி எவ்ளோ நேரமாச்சு?"

எங்கள் முகங்களிலேயே பதிலைப் படித்துவிட்டு அவரே சொன்னார். வலது காது போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இடது காதும் சில வருடங்களாக இறங்கிக்கொண்டே வருகிறது. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார். கடையில் அளவை எழுதித் தரச் சொன்னதும், ஸ்பீக்கரை ஒட்டியே உட்கார்ந்ததும், முதல் நாள் என்னை உள்ளே அழைத்ததும் அதனால்தான். நரம்பில் கோளாறு, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ரயிலைக்கூடச் சத்தத்தால் கண்டுபிடித்ததில்லை. கல்லா மேல் இருக்கும் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நடுங்குமாம்.

"ஏன் அக்கா சொல்லல?" என்று நான் கேட்டதை உதட்டில் படித்துக்கொண்டு சொன்னார்: "சொல்லியிருந்தா நீங்கள்லாம் பாவம்னு வந்திருப்பீங்க. இப்ப பாட்டுக்காக வர்றீங்க."

காது மெஷின் வாங்கிப் போட்டார். பேச்சு ஓரளவு பிடிபட்டது. பாட்டு மட்டும், "தகர டப்பால கூழாங்கல்லு போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு" என்றார். ஆறு மாதத்தில் பேச்சும் கேட்காமல் போயிற்று. பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் செயலி ஒன்றை ரியாஸ் அவர் போனில் போட்டுக் கொடுத்தான். அது நன்றாக வேலை செய்தது. ஆனால் பாட்டு ஓடினால் 'இசை' என்ற ஒரே சொல்லைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். அக்கா அந்தத் திரையை என்னிடம் நீட்டி, "பாத்தியா, அதுக்கே சொல்லத் தெரியல. நீ சொல்லு டீச்சர், என்ன கேக்குது?" என்றார். அன்றுதான் அவர் என்னை முதன்முதலாக நீ என்று அழைத்தார்.

அந்த நாளிலிருந்து சபையின் வேலை மாறிவிட்டது. நாங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். போனின் திரையில் அவர் படிப்பார். முதல் வாரம் நான், "ரொம்ப நல்லா இருக்கு அக்கா" என்றேன்.

"நல்லா இருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? பிரியாணிகூட நல்லாத்தான் இருக்கு."

நான் கணக்கு டீச்சர். முப்பது வருடம் சினிமாப் பாட்டுக் கேட்டிருக்கிறேன், ஒலிக்கு என்னிடம் பத்துச் சொல்கூட இல்லை என்று அன்று தெரிந்தது. மெல்ல மெல்லப் பழகினோம். "வயலின் எல்லாம் ஒண்ணா எழுந்து நிக்கறாங்க. ஒருத்தர் மட்டும் கடைசியா உக்கார்றார்." "அந்தம்மா இந்த வார்த்தைய முழுசா சொல்லல அக்கா, பாதிய முழுங்கிட்டாங்க, அழுகை வந்த மாதிரி." டேனியல் சார் ரயில்காரர், திசை சொல்வார். "லெப்ட்ல கிட்டார். ரைட்ல, கொஞ்சம் தூரமா, ஒருத்தன் பேப்பர் திருப்பறான்." சரியாகச் சொல்லிவிட்டால் அக்கா தொடையில் தட்டுவார். அதற்காக வீட்டில் சமைக்கும்போதுகூட நான் சொற்களைத் தேட ஆரம்பித்தேன். குக்கர் சத்தத்தை, மாடியில் மழை விழும் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று. இவ்வளவும் என்னைச் சுற்றி ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை, கேட்காத ஒருவர்தான் எனக்குக் கேட்கவைத்தார்.

காது முழுதும் போன பிறகும் அக்கா பெட்டி வாங்குவதை நிறுத்தவில்லை. ரியாஸுக்கு அது புரியவில்லை. நல்ல பையன்தான். அம்மா காசைச் செலவழிக்கிறார் என்பதைவிட, அம்மா தன்னையே வருத்திக்கொள்கிறாரோ என்பதுதான் அவன் கவலை. என் எதிரிலேயே கேட்டான். "கேக்க முடியாதப்போ எதுக்கும்மா புதுசு புதுசா?"

அவர் திரையைப் படித்துவிட்டுச் சொன்னார். "உன் அக்கா மவன் துபாய்ல இருக்கான். கண்ணால பாக்க முடியலன்னு பெருநாளைக்கு அவனுக்குச் சட்ட எடுக்காம இருக்கேனா?"

அடுத்த மாதம் ரியாஸ் தச்சரை வரவழைத்து, அந்த அறையில் ஃப்ளஷ் டாங்குகளை அகற்றிவிட்டு, அந்தச் சுவரையும் பெட்டிகளுக்கே கொடுத்தான்.

அதில் கடைசியாக ஏறிய பெரிய பெட்டி, அவர் வெகு நாட்களாகக் காத்திருந்த ஒன்று. ஒரு பாடகியின் பாடல்கள் முழுவதும், புதிதாகச் சுத்தம் செய்து வெளியிட்டது. அதில் ஒரு தாலாட்டு. சரணத்துக்கு முன் இசை எல்லாம் ஓய்ந்துவிடும், அந்த மௌனத்தில் பாடகி மூச்சு இழுப்பது கேட்கும். ரியாஸ் கைக்குழந்தையாக இருந்தபோது அக்கா அவனைத் தூங்கவைத்த பாட்டு அது. அந்த மூச்சு வரும் இடத்தில் தானும் மூச்சு இழுத்துத்தான் பாடுவாராம்.

பாட்டு ஓடி முடிந்தது. அக்கா டேனியல் சாரைப் பார்த்தார். "மூச்சு இருக்கா?"

இல்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த இடத்தில் பஞ்சு வைத்து அடைத்தது போன்ற வெறுமைதான் இருந்தது. டேனியல் சார் ஒரு கணம் தயங்கிவிட்டு, "இருக்கு மைமூன். நல்லா கிளியரா இருக்கு" என்றார்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தார்.

"டேனியல் சார், என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்ல எனக்குச் சொந்தக்காரங்க நெறைய பேர் இருக்காங்க. இங்க நீங்க எனக்குக் காது. காது பொய் சொல்லலாமா?"

டேனியல் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்ல மைமூன். எடுத்துட்டாங்க" என்றார். அக்கா தலையசைத்தார். கோபமில்லை. எழுந்து போய் டீ போட்டு, முதல் தம்ளரை அவருக்கே கொடுத்தார்.

அன்று மாலையே வெளியீட்டாளருக்கு என்னை மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அங்கே அந்த வேலையைச் செய்த ஒலிப்பதிவுப் பொறியாளரே அழைத்தார். குரலைக் கேட்டால் இளைஞர். என் போனில் அவர் பேச, அதை அக்காவின் போன் பக்கத்திலிருந்து எழுத்தாக்கிக் காட்டியது.

"மேடம், அது டிஸ்டர்பன்ஸ்னு நெனச்சு கிளீன் பண்ணிட்டோம்."

அக்கா படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, அந்தம்மா உசுரோட இருந்தப்போ இழுத்த மூச்சு அது. அத நீங்க எதுக்கு நிறுத்துனீங்க?"

அந்த இளைஞர், "ஒரிஜினல் டேப்ல இருக்கும் மேடம். பாக்கறேன்" என்றார். தன் விலாசத்தைக் கொடுத்துவிட்டு அக்கா, "சாப்ட்டீங்களா தம்பி?" என்று கேட்டுத்தான் பேச்சை முடித்தார்.

சில வாரங்கள் கழித்து, மேலே எதுவும் அச்சிடாத வட்டு ஒன்று தபாலில் வந்தது. அந்த ஒரு பாட்டு மட்டும். ஞாயிறு வரை அக்கா யாரையும் தொடவிடவில்லை. அன்றும் டேனியல் சாரைத்தான் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அந்த இடம் வந்தது. "இருக்கு" என்றார். "ஆஸ்துமாக்காரி மாதிரி இல்ல. குழந்த எழுந்துடக் கூடாதுன்னு மெதுவா இழுக்கறாங்க." அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் எங்களுக்கெல்லாம் கேட்கும்படி அந்தத் தாலாட்டின் சரணத்தைத் தானே பாடினார். காது கேளாதவர்களின் குரல் சுருதி விலகிவிடும் என்பார்கள். விலகித்தான் இருந்தது. சற்றுத் தள்ளி நின்றிருந்த ரியாஸ் ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போய்விட்டான். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தான்.

இந்தக் குளிர்காலத்தில் அக்காவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கடைக்கு வருவது நின்றது. கடைசியாக நான் வீட்டில் போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்தபடி, பிரிக்காத ஒரு பெட்டியை மடியில் வைத்திருந்தார். விரலில் வலுவில்லை, பிளாஸ்டிக் உறையை நீயே கிழி என்றார். கிழித்துக் கொடுத்தேன். உள்ளிருந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே திடீரென்று கேட்டார்.

"டீச்சர், உனக்குன்னு கடைசியா என்ன வாங்குன?"

யோசித்து, "மிக்ஸி" என்றேன்.

"அது வீட்டுக்கு."

"பட்டுப் புடவை ஒண்ணு…"

"அது யார் வீட்டுக் கல்யாணத்துக்கு?"

நாத்தனார் பெண் கல்யாணத்துக்குத்தான். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. தன் கதையைச் சொன்னார். முதல் பெட்டியை அவர் வாங்கியது கல்யாணமான சில வருடங்களில். மாமியார், நாத்தனார்கள், குழந்தைகள் நிறைந்த வீடு. அதுவரை அவர் வாங்கிய எல்லாவற்றுக்கும் வீட்டில் யாரோ ஒருவருக்குத் தேவை இருந்தது. இந்தப் பெட்டி மட்டும் யாருக்கும் வேண்டாதது. பயந்துபோய் கடைக் கிடங்கில், வாஷ்பேசின்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ஒரு நாள் கணவர் அதைக் கண்டுபிடித்து, தூசியைத் துடைத்து வீட்டுக்கே கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டார். "யாரோடது?" என்று மாமியார் கேட்டபோது, "மைமூனோடது" என்றாராம்.

"அந்த வீட்ல என் பேர் போட்ட மொதப் பொருள் அதுதான்" என்றார் அக்கா. பிறகு புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டி, அந்த வயலின்காரர் யாராக இருக்கும் என்று ஆராய ஆரம்பித்துவிட்டார்.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் ரியாஸ் என்னையும் டேனியல் சாரையும் அந்த அறைக்கு அழைத்துப் போனான். "எது வேணுமோ எடுத்துக்கங்க. அம்மா ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. நான்தான் சொல்றேன்" என்றான். நாங்கள் எதையும் எடுக்கவில்லை. எல்லாம் ஒன்றாக இருக்கட்டும் என்றோம். "அப்படின்னா ஞாயித்துக்கிழமை எப்பவும் போல தொறந்து வைக்கறேன். நீங்க வரணும்" என்றான். இதைப் படிக்கிற உங்களிடமும் அதைச் சொல்லச் சொன்னான்.

எனக்கு அவர் விட்டுப் போனவை பல. ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் கூரியர் வந்தது. என் கணவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நான் வரவழைத்த கனமான பாட்டுப் பெட்டி. வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒரு கருவிகூட இல்லை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்றார். இத்தனை வருடத்தில் வந்த பார்சல்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்விக்குப் பதிலாக யார் யார் பெயரையோ சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு" என்றேன்.